இரண்டு பணமும் ஒரு சீலையும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

"ஏதாவது வேண்டுமென்றால் தயங்காமல் சொல்லுங்கள்." நோயாளி இருக்கும் வீட்டிலிருந்தும் துக்க வீட்டிலிருந்தும் விடைபெறும்போது நாம் எல்லோரும் சொல்வது இதுதான். மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை. காரணம் எளிது. என்ன தேவை என்று யோசிப்பது, யாரிடம் கேட்கலாம் என்று எடைபோடுவது, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு வாய் திறப்பது, இத்தனையையும் ஏற்கெனவே களைத்துப்போனவர் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறோம். பிறருக்குப் பயன்படும்படி தாழ்மையோடு உதவுவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் சிறையிலிருந்து பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 2ஆம் அதிகாரத்தில், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணச் சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே, "அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக" என்கிறார். பிலிப்பி ரோமர் குடியேறிய பட்டணம். குடியுரிமையையும் அந்தஸ்தையும் பெரிதாக எண்ணிய ஊர். தாழ்மை என்பது அடிமைக்கு உரிய குணம் என்று நினைத்த அந்த மக்களிடம்தான் இதைக் கேட்கிறார். அந்தச் சபையிலேயே எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் ஒத்துப்போகாமல் இருந்தார்கள். இருவருமே சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள். ஊழியம் செய்கிறவர்களுக்குள்தான் உரசல் வருகிறது. சும்மா இருப்பவர்களுக்குள் அது வர இடமே இல்லை.

'நோக்குவானாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். தன்னைத் தாழ்த்திப் பேசுவது மனத்தாழ்மை என்று பலர் நினைக்கிறோம். "நான் ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பவரின் பேச்சும் தன்னைச் சுற்றியேதான் வருகிறது. பவுல் நம் கண்ணை வேறு பக்கம் திருப்பச் சொல்கிறார்.

யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு செய்ததை வரிசையாகப் பாருங்கள். போஜனத்தை விட்டு எழுந்தார். மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்தார். சீலையை, அதாவது ஒரு துணியை, இடுப்பில் கட்டினார். பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார். சீஷர்களின் கால்களைக் கழுவினார், கட்டியிருந்த சீலையாலேயே துடைத்தார். முன்னறிவிப்பு இல்லை, விளக்கம் பிறகுதான் வருகிறது. காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸின் கால்களும் அங்கே இருந்தன. நன்றி வருமா என்று பார்த்திருந்தால் அந்த இரண்டு கால்களை அவர் விட்டிருக்கலாம்.

சீஷரில் ஒருவரான பேதுரு முதலில் மறுக்கிறார். பிறகு, கைகளையும் தலையையும்கூடக் கழுவச் சொல்கிறார். இயேசு அதற்கு இணங்கவில்லை. முழுகினவன் (குளித்தவன்) கால்களை மட்டும் கழுவினால் போதும் என்கிறார். சேவையின் அளவைத் தேவைதான் முடிவுசெய்ய வேண்டும். உதவுகிறவரின் உற்சாகம் முடிவுசெய்யும்போது, இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குப் பத்துப் பேர் சாப்பாடு போய்ச் சேருகிறது. ஒரு மணி நேரம் தூங்க ஏங்கும் நோயாளியின் கட்டிலருகே ஒரு மணி நேரம் ஜெபம் நடக்கிறது.

ஆகவே முதல் வேலை கேட்பது. பர்திமேயு குருடன் என்பது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இயேசு அவனிடம், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார். நாமும் கேட்கலாம், ஆனால் பொதுவாகக் கேட்டால் பயன் இல்லை. நாள், நேரம், வேலை மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். "வியாழக்கிழமை மாலை 6 மணிக்குச் சாப்பாடு கொண்டுவரட்டுமா, அல்லது பிள்ளைகளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டுமா?" இப்படிக் கேட்டால் பதில் ஒரு வார்த்தையில் முடியும். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல இடமில்லாத உதவி, பெறுகிறவருக்குக் கடனாகிவிடும்.

இன்னும் சில நுணுக்கங்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் 15 நிமிடம் போதும். நின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்து பேசுங்கள், அவர் அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்காது. உணவு கொடுப்பதற்கு முன் ஆகாதது எது என்று விசாரியுங்கள், திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொடுங்கள். துக்க வீட்டில் முதல் வாரம் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். நான்காவது வாரம் வாசல் வெறிச்சோடிக் கிடக்கும். உதவ முன்வருகிற நான்கு குடும்பங்கள் ஒரே வாரத்தில் போகாமல் இரண்டு வாரத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டால், அந்த வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் துணை இருக்கும்.

கொடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி ரூத் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமத்தின் கட்டளை. ரூத் என்ற ஏழை விதவை கதிர் பொறுக்க வந்த வயலின் சொந்தக்காரர் போவாஸ் அதற்கும் மேலே போகிறார். அரிகளிலிருந்து (அறுத்த கதிர்களிலிருந்து) வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடும்படி வேலைக்காரருக்குச் சொல்கிறார், அவளை அதட்டவும் கூடாது என்கிறார். ரூத் அதைத் தன் உழைப்பால் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு தலைநிமிர்ந்து வீடு திரும்ப முடிந்தது. பெறுகிறவரை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது இதற்கு நேர் எதிரான செயல். ஜெபக் கூட்டத்தில் "இன்னார் வீட்டுப் பணக்கஷ்டத்துக்காக ஜெபிப்போம்" என்று பெயரைச் சொல்வதும் அப்படித்தான். அவர்கள் சம்மதம் இல்லாமல் சொன்னால், ஜெபத்தின் பெயரில் ஒரு குடும்பத்தின் மானம் ஊருக்குள் போய்விடுகிறது. பணத்தைத் தரும்போது கடனா நன்கொடையா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சபைப் பணமாக இருந்தால் ஒருவர் மட்டும் கையாளக் கூடாது. எருசலேமுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் கொடாதபடி, சபைகள் நியமித்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். தன்னைக் கணக்குக் கேட்பதை அவமானமாக நினைக்காததும் தாழ்மைதான்.

பிறரை முன்வைப்பது என்றால் தன்னை முழுவதும் தீர்த்துக்கொள்வதா என்று கேட்பீர்கள். இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், அந்த இரவு சத்திரத்தில் தானே பராமரித்தான். மறுநாள் இரண்டு பணத்தை (அக்காலத்து வெள்ளிக் காசு) எடுத்துச் சத்திரக்காரன் கையில் கொடுத்தான். மத்தேயு 20இல் ஒரு நாள் கூலி ஒரு பணம், ஆகவே இது இரண்டு நாள் கூலி. மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டு, தன் பயணத்தைத் தொடர்ந்தான். வேலையைத் தகுந்தவரிடம் ஒப்படைத்தான். திரும்பி வந்து விசாரிக்கவும் ஏற்பாடு செய்தான். காயப்பட்டவன் குணமாகும்வரை தானே கூட இருக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை.

இதைக் கற்றுக்கொள்ளாததால்தான் நல்ல ஊழியர்கள் கசந்துபோகிறார்கள். இயேசுவைத் தன் வீட்டில் உபசரித்த மார்த்தாளின் குறை சமையலில் இல்லை. தன் சகோதரி உதவவில்லை என்று எண்ணத் தொடங்கியதுதான் கசப்பின் அடையாளம். யார் வரவில்லை, யார் நாற்காலியை மடக்கி வைக்கவில்லை என்று உங்கள் மனம் கணக்கெடுக்க ஆரம்பித்தால், அந்த வேலையில் உங்கள் பங்கைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் (தினசரி உணவு உதவியில்) விடுபட்டபோது, அப்போஸ்தலர் தாங்களே பந்திவிசாரிப்பையும் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். அந்த ஏழு பேருமே கிரேக்கப் பெயர் உள்ளவர்கள். குறை சொன்ன பக்கத்தாரை நம்பியே பொறுப்பைக் கொடுத்ததாகத் தெரிகிறது.

பல வருடம் செய்த பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுப்பது எல்லாவற்றிலும் கடினமான சேவை என்று நினைக்கிறேன். கணக்கு நோட்டு, சாவி, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்ற பட்டியல், எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் அவரை அருகில் வைத்துக்கொண்டு நீங்கள் செய்யுங்கள். அடுத்த மாதம் அவர் செய்யட்டும், நீங்கள் அருகில் இருங்கள். பிறகு அவர் உங்களைப் போலச் செய்யாவிட்டாலும், கேட்டால் மட்டும் பேசுங்கள்.

என்றாவது ஒரு நாள் உங்கள் வீட்டு வாசலிலும் யாராவது வந்து, "வியாழக்கிழமை சாப்பாடு கொண்டுவரட்டுமா?" என்று கேட்பார்கள். "ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று பேதுருவைப் போலக் காலை இழுத்துக்கொள்ளாதீர்கள். சரி, 6 மணிக்கு வாருங்கள் என்று சொல்லுங்கள்.

வணக்கம்.