கல்லீரலுக்குக் கைகொடுக்கும் தசை

நேயர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் மலையில் வில்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரை அவருடைய மனைவி என்னிடம் அழைத்து வந்தார். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருந்தது. "ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட அவரைத் தூக்க விடுவதில்லை சார்" என்றார் அந்த அம்மா, அத்தனை அக்கறையோடு. அந்த விவசாயியின் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் நிற்க வேண்டிய கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கியது. எடை குறையவே இல்லை என்றார்கள். எப்படிக் குறையும்? தொடையிலும் தோளிலும் கரைந்த சதையின் கணக்கை வயிற்று நீர் ஈடுகட்டியிருந்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன். அவரால் முடியவில்லை.

இயன்முறை மருத்துவராக நான் பேச வந்திருப்பது அந்தச் சதையைப் பற்றித்தான். குடலில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. அது சிறுநீரில் வெளியேறுகிறது. கல்லீரல் தளர்ந்துவிட்டால், அம்மோனியாவைக் குளுட்டமினாக மாற்றி, சுமையில் ஒரு பங்கைத் தசை ஏற்றுக்கொள்கிறது. தசையும் கரைந்தால் அம்மோனியா மூளையைத் தாக்குகிறது. பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு, பேச்சில் தடுமாற்றம் என்று அது தெரியவரும். கல்லீரல் நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருப்பது, அந்தக் கல்லீரலுக்கு மிச்சமிருக்கும் துணையையும் பறிப்பதாகும். இதைக் குடும்பத்தார் புரிந்துகொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கல்லீரலில் கொழுப்பு படிந்த நிலையில் இருப்பவர்களுக்கு வழி இன்னும் எளிது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால், எடை இறங்காவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு குறையும். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் அழற்சியே தணியக்கூடும். மது அருந்துபவர்கள் அதை அடியோடு நிறுத்தாமல் நடந்து பயனில்லை.

"மலையில் இருப்பவனுக்கு நடைப்பயிற்சி எதற்கு, தினமும் ஏறி இறங்குகிறோமே" என்று இங்கே பலர் கேட்கிறார்கள். தளர்ந்த காலுக்கு நம் சரிவுகள் ஆகாது. ஏற்றம் மூச்சை வாங்கும். ஈரப் பாதையின் இறக்கமோ ஆளையே சாய்த்துவிடும். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிய சாலை ஏறக்குறைய சமதளம். முழுச் சுற்று 5 கிலோமீட்டர் அளவுக்கு வரும். அதை முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பத்து நிமிடம் போய்த் திரும்புங்கள். மார்கழி, தை உறைபனியில் வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். வேகத்தை நாடித்துடிப்பால் அளக்காதீர்கள். கல்லீரல் நோயாளிகள் சிலருக்குத் தரப்படும் ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரை துடிப்பைக் குறைத்துக் காட்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

கல்லீரல் சுருங்கியவர்கள், உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோபி செய்து பார்த்த பிறகே தொடங்க வேண்டும். மூச்சை அடக்கி உருளைக்கிழங்கு மூட்டை தூக்குவதை அறவே விட்டுவிடுங்கள்; அந்த அழுத்தம் புடைத்த நாளங்களுக்கு ஆபத்து.

அந்த விவசாயிக்கு நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார வைத்தேன். உயரமான இருக்கையிலிருந்து எழுவது சுலபம். சில வாரங்களில் ஒரு தலையணை போயிற்று; பிறகு மற்றதும் போயிற்று. மூன்றாம் மாதம் கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தார். அந்த அம்மா வாய்விட்டு எண்ணினார்.

பயிற்சியோடு சாப்பாடும் சேர வேண்டும். கல்லீரல் நோய் என்றதும் பருப்பையும் முட்டையையும் ஒளித்து வைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. உண்மையில் அவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. உப்பைக் குறையுங்கள், ஊறுகாயும் கருவாடும் வேண்டாம். கல்லீரல் சுருங்கியவருக்கு ஓர் இரவுப் பட்டினியே மற்றவர்களின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். அதனால் படுக்கும் முன் கேழ்வரகுக் கஞ்சியோ ஒரு கிண்ணம் சுண்டலோ கொடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு நடக்க அனுப்பாதீர்கள்.

காய்ச்சல், புதிய குழப்பம், வயிறு இறுகி மூச்சு முட்டுதல் என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ரத்த வாந்தியோ தார் போலக் கறுத்த மலமோ கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும். உடனே 108-ஐ அழையுங்கள்.

வணக்கம்.