வாடும் பூவுக்கு ஒரு வக்காலத்து

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொட்டல் நிறைய வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் பட்டிமன்ற மேடை ஏறக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் குன்றக்குடி. அடிகளார் நடுவராக உட்கார்ந்து வளர்த்த கலை இது. இந்தப் பக்கம் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம். இங்கே மேடையில் பேசுகிறவனைவிடக் கீழே கேட்கிறவர்களுக்கு அதிகம் தெரியும். அதனால் இலக்கியத்தில் கை வைக்காமல் பூக்கடையில் கை வைக்கிறேன்.

‘தூரத்து ஊரில் இருக்கும் உறவுக்குப் பூ அனுப்புவது பாசமா, பகட்டா?’ இதுதான் தலைப்பு. நாங்கள் பாசம் என்கிறோம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி அம்மா மூன்று அம்பு விட்டார். ரெண்டு நாளில் குப்பைக்குப் போகிற பூவுக்கு எண்ணூறு ரூபாயா, அந்தக் காசில் பலகாரம் அனுப்பினால் நாலு பேர் தின்பார்களே என்றார். கட்டியது கடைக்காரர், கொண்டுபோனது டெலிவரிப் பையன், அனுப்பியவர் போனைத் தடவியதைத் தவிர வேறென்ன செய்தார் என்றார். கடைசியாக, அவ்வளவு பாசம் இருந்தால் நேரில் போக வேண்டியதுதானே என்றார். கைத்தட்டலும் வாங்கிக்கொண்டார். நானும்தான் தட்டினேன்.

கடைசி அம்பை முதலில் எடுக்கிறேன். நேரில் போ என்று எந்த ஊரில் நின்றுகொண்டு சொல்கிறார் பாருங்கள். செட்டிநாட்டில்! ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சைகோனுக்கும் ஆண்களை அனுப்பிவிட்டு, வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இது. ரஜூலா கப்பலில் ஏறினால் பினாங்கு போய்ச் சேர ஒரு வாரம்போல ஆகும். நினைத்தபோது நேரில் போகிற பிழைப்பா அது? போக முடியாதவர்கள் அனுப்பினார்கள். பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. பெல்ஜியத்துக் கண்ணாடி வந்தது, இத்தாலிச் சலவைக்கல் வந்தது. முகப்பும் வளவும் ரெண்டாங்கட்டுமாக வீடு எழும்பியது. எல்லாம் வந்தது, ஒரு முழம் பூ மட்டும் வரவில்லை. ஒரு வாரக் கப்பலில் பூ எப்படி வரும்?

தேக்குத் தூணில் சாய்ந்து தபால்காரரை எதிர்பார்த்திருந்த அந்தக் காலத்து ஆச்சிக்கு, தூண் பெரிதா, ரங்கூனிலிருந்து வந்த ஒரு முழம் மல்லி பெரிதா? முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமாரையே கேட்கிறேன். ஒரு ஆச்சி ‘தூண்தான்’ என்று கை காட்டுகிறார். முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் தூணுக்கு இன்றைக்கு நல்ல விலை. ஆச்சி கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்தது, வாடிப்போகும் என்கிற வாதம். வாடுவதால்தான் நான் பூவின் பக்கம் நிற்கிறேன் நடுவர் அவர்களே. சீப்புச்சீடையும் தேன்குழலும் டப்பாவில் பத்து நாள் இருக்கும். இன்றைக்கு அனுப்பலாம், மறந்துவிட்டால் அடுத்த வாரம் அனுப்பலாம், போகிறவர் வருகிறவரிடம் கொடுத்தும் விடலாம். பூவிடம் அந்த ஜம்பம் பலிக்காது. மல்லிகையை விடிவதற்கு முன்னால் மொட்டாகப் பறித்தாக வேண்டும். அன்று சாயந்திரம் அது விரிந்துவிடும். நடுவில் இருக்கிற அந்த ஒரு பகல்தான் நமக்குக் கணக்கு. பறித்த பிறகும் மொட்டு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். குவித்து மூட்டை கட்டினால் உள்ளே சூடேறி வெந்தே போகும். தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் இதற்காகத்தான். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கு இதழ் தடிமன், காம்பும் நீளம். அதனால்தான் அது விமானம் ஏறிச் சிங்கப்பூர் வரைக்கும் தாங்குகிறது. அப்படியும் அதற்கு ஒரு நாள், ரெண்டு நாள்தான் ஆயுசு. ஆகவே பூ அனுப்புகிறவன் அந்தத் தேதியை மனதில் வைத்திருந்தே ஆக வேண்டும். பூவுக்கு அரியர்ஸ் கிடையாது.

இலக்கியத்தில் கை வைப்பதில்லை என்றேன். ஒரே ஒரு தடவை மன்னியுங்கள். கொழுகொம்பில்லாத முல்லைக் கொடிக்குத் தேரையே கொடுத்த பாரியின் பறம்புமலை, இதோ நம் பக்கத்துப் பிரான்மலைதான் என்கிறார்கள். அவர் முல்லைக்குத் தேர் அனுப்பினார், வள்ளல் என்றோம். நான் முல்லையை ஷேர் ஆட்டோவில் அனுப்பினால் பகட்டா?

சரி, ‘போனைத் தடவியதுதானே’ என்ற அம்புக்கு வருகிறேன். இதற்குப் பதிலாக எனக்கு நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

நான் சிங்கப்பூரில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். என்னை வளர்த்த அயித்தை மானாமதுரையில் இருக்கிறார்; டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். காரைக்குடியில் ரயிலேறினால் கல்லல், சிவகங்கை, அப்புறம் மானாமதுரை. வைகைக் கரை ஊர். ஆற்றங்கரை என்றதும் தண்ணீரைத் தேடாதீர்கள். வருஷத்தில் பாதி நாள் மணல்தான். சித்திரையில் வீர அழகர் ஆற்றில் இறங்கும்போதாவது தண்ணீர் வந்துவிடாதா என்று ஊரே மேற்கே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அயித்தைக்குக் கண்ணில் புரை ஆப்பரேஷன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. எதிரணி சொன்னபடி போனைத் தடவினேன். பன்னிரண்டு சிவப்பு ரோஜா, ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் அன்றைக்கே போய்ச் சேரும் என்று போட்டிருந்தான். போனது மூன்றாம் நாள். சர்சர் என்று சத்தம் போடும் கண்ணாடித்தாளுக்குள், ஓரம் கறுத்துப்போன பன்னிரண்டு ரோஜா. வாசனை துளி கிடையாது. கண்ணில் கட்டோடு இருக்கிறவருக்கு வாசனையில்லாத பூவை அனுப்பினேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல! அயித்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக்காடா?” என்றார்.

இந்த ரவுண்டு எதிரணிக்குத்தான். நானே எழுதிக் கொடுக்கிறேன். அப்புறம், கல்யாண வரவேற்பில் பூவைவிடப் பெரிதாகப் பெயர் அட்டையைச் சொருகிக் கொடுக்கிறார்களே, வாங்கிய கையோடு மேடைக்குப் பின்னால் போட்டுவிடுகிறார்களே, அந்தப் பூங்கொத்தையும் சேர்த்து எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். அது பகட்டேதான்.

நான் அடுத்த நாள் செய்ததைக் கேளுங்கள். மானாமதுரை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என்னோடு படித்தவன் மெடிக்கல் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு வீடியோ கால் போட்டேன். கடை வாசலில் ஒரு பூக்கார அம்மா. அவனிடம் சொல்லி, போனை அந்த அம்மா முன்னால் பிடிக்கச் சொன்னேன். தெருப் பெயர், கதவு எண், பின்கோடு என்று நான் ஆரம்பிக்கிறேன்.

“கண்ணு ஆப்பரேசன் பண்ணியிருக்காகளே, அந்த டீச்சரம்மா வீடா? அதச் சொல்லுங்க தம்பி மொதல்ல.”

முகவரி அத்தோடு முடிந்தது. ஈரச் சாக்கை விலக்கி உதிரிப்பூவை அள்ளினார். இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, வாழைநார் ஒரு சுற்று, விரல் இடுக்கில் ஒரு இழுப்பு. பேச்சு என்னோடு, கண் ரோட்டில் போகிற பஸ்ஸில், விரல் மட்டும் தன்பாட்டுக்கு ஓடுகிறது. நடுவில் நான் சொல்லாமலே மரிக்கொழுந்து வைத்தார். “அவுகளுக்குப் பாக்க முடியாதுல்ல, வாசமாவது நல்லா அடிக்கட்டும்” என்றார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஐந்து தடவை அளந்தார், அப்புறம் கொசுறாக ஒரு சாண். ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கும் எனக்குத் தோன்றாத யோசனை அவருக்குத் தோன்றியது. அவர் கை பட்டதால் என் பாசம் குறைந்துவிட்டதா, எதிரணித் தலைவி அம்மா?

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்குகிறது. போகிறவரிடம், ‘என் பேருக்கும் ஒரு முழம் சேர்த்துப் போட்டுடு’ என்று ஐம்பது ரூபாயைத் திணிக்காத வீடு உண்டா? ‘நீ நேரில் வரவில்லை, உன் பூ வேண்டாம்’ என்று ஆத்தா யார் பூவையும் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மானாமதுரைக்கே வருகிறேன். நான் ஆட்டோவில் கொடுத்துவிடச் சொன்னேன். அந்த அம்மா, “சாயங்காலம் அந்தத் தெருவுக்குத்தான் யாவாரத்துக்குப் போறேன், நானே குடுத்துர்றேன்” என்றுவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாமா இறந்து அப்போது பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷமும் பூக்கார அம்மா அதே தெருவில்தான் கூவிக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு வாசலிலும் நின்று ‘பூவு வேணுமா’ என்பவர், அயித்தை வாசலை மட்டும் பேசாமல் தாண்டிவிடுவார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, மனசு நோகக்கூடாது என்றுதான். பூக்கூடைக்காரர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் தாண்டிப் போகிறார்கள். நாமும் அதைக் கவனிப்பதில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கூடை அந்தப் படியில் இறங்கியது.

“எனக்கு எதுக்குடா பூவு?” என்று அயித்தை போனில் சத்தம் போட்டார். நான் பேசாமல் இருந்தேன். அடுத்த நாள் அவரே சொன்னார். பாதி மாமா படத்துக்கு. மீதியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு முழம். அந்தக் கொசுறுச் சாண் மட்டும் ஒரு தம்ளர் தண்ணீரில், தலைமாட்டில்.

தலையில் வைத்துக்கொண்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. அவ்வளவு பெரிய புரட்சிக்கு அவருக்கு ஆசையும் இல்லை, கேட்க எனக்குத் துணிச்சலும் இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, பகட்டு என்றால் பார்க்க நாலு பேர் வேண்டுமே? இருட்டு அறையில், ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருப்பவரின் தலைமாட்டுத் தம்ளரில் என்ன பகட்டு இருக்கிறது? அதற்கு எனக்கு ஆன செலவு இருநூற்று ஐம்பது ரூபாய். எண்ணூறு ஆனது ரோஜாவுக்கு.

அன்றிலிருந்து பூக்கார அம்மா அந்த வாசலில் நிற்பதுண்டு. வியாபாரம் இல்லை, தண்ணீர் வாங்கிக் குடிப்பார், கண் எப்படி இருக்கிறது என்று கேட்பார், ஊர்க்கதை கொஞ்சம்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே நிமிஷம்.

போன மாதம் சிங்கப்பூரை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன். எதிரணி சொன்ன ரெண்டையும் சேர்த்தே செய்தேன். நேரில் போனேன், கையில் ரெண்டு கிலோ பலகாரம். அயித்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பையைத் திறந்தார். சீடையைத் தள்ளினார், தேன்குழலைத் தள்ளினார், அடி வரைக்கும் துழாவினார்.

“ஏண்டாப்பா, பஸ் ஸ்டாண்டு வழியாத்தான வந்த? மல்லி வாசம் தலைய வலிக்குது, பிச்சி குடுத்துவிடுன்னு அந்தப் பிள்ளகிட்டச் சொல்லிவிட்டிருந்தேனே, ஒன்னுமே தரலையா?”

நன்றி, வணக்கம்.