கிணற்று நீச்சலும் கடலும்

(கோபிசெட்டிபாளையம் வட்டாரக் கிராமம் ஒன்றில், சென்னைச் சுற்றுலா கிளம்பும் குடும்பங்களிடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

அடுத்த வாரம் நம் ஊரிலிருந்து ஐம்பது பேர் சென்னைக்குப் போகிறோம். பாதிக்கு மேல் குழந்தைகள். "மெரினாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்க வாத்தியாரே" என்று கேட்டார்கள். எனக்கு மெரினா என்றதும் சமாதிகளோ சுண்டலோ முன்னால் வருவதில்லை. ஒரு பையனின் முகம்தான் வரும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் பத்தாம் வகுப்புப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அதில் ஒருவன், ஐந்து வயதில் மிதப்பதற்காக முதுகில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டிக் கிணற்றில் இறங்கியவன். பம்ப்செட் ரூம் மேலிருந்து தலைகீழாகப் பாய்வான். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் வீட்டுக்கே வரமாட்டான். அவனைப் பற்றி எனக்குத் துளியும் கவலை இல்லை. நீச்சல் தெரியாத பிள்ளைகளைத்தான் அதட்டிக்கொண்டிருந்தேன்.

முழங்கால் ஆழத்தில்தான் நின்றிருந்தான். ஒரு அலை வந்து திரும்பியது. காலடி மணல் சரிந்தது. அடுத்த முறை பார்க்கிறேன், கழுத்து மட்டும் தெரிகிறது. அதற்கடுத்து தலை, அதுவும் தூரத்தில். கரையை நோக்கி அவன் கை வீசி நீந்துவது எனக்குத் தெரிந்தது. நீந்த நீந்தப் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவர் எழுந்து ஓடினார். நேராக அவனை நோக்கி ஓடவில்லை. கரையோரமாகவே வடக்கே கொஞ்ச தூரம் போய், அங்கிருந்து இறங்கினார். வளைத்துப் போய்ப் பிடித்து, பக்கவாட்டிலேயே இழுத்து வந்து கரையேற்றினார். பையன் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். நானும் அழுதேன். அந்த மனிதர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "உங்க ஊருப் புள்ளைங்க நல்லா நீந்துவாங்க சார். அதாலதான் மாட்டிக்குறாங்க."

கிணற்றுத் தண்ணீர் நிற்கும். வாய்க்கால் தண்ணீர் ஒரே பக்கமாக ஓடும். கடல் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. அந்தத் திரும்பும் வேகம்தான் நம்மவர்களுக்குப் பழக்கமில்லாதது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எல்லாம் எங்கேயாவது வழி தேடிக் கடலுக்குள் போக வேண்டும். மணல்திட்டுக்கு நடுவே ஒரு சந்து கிடைத்தால், மொத்தமும் அந்தச் சந்து வழியே பாய்ந்து உள்ளே போகும். அந்த இடத்தில் அலை உடையாது. வெள்ளை நுரை இருக்காது. மேலே பார்த்தால், "இங்கே அமைதியாக இருக்கிறதே, பிள்ளைகளை இங்கே இறக்கலாம்" என்று தோன்றும். அங்கேதான் இழுக்கும்.

யாராவது மாட்டிக்கொண்டால், கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. மிதந்துகொண்டு, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு குளிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மெரினாவில் குளிக்கவே தடை இருக்கிறது. கடலோரத்தில் நிற்கும் போலீஸ்காரர் விசில் அடித்தால் "நம்மளையா சொல்றாங்க" என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நம்மைத்தான் சொல்கிறார்.

சரி, பயமுறுத்தியது போதும். அந்த மணலைப் பற்றிச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு போனால் நீங்கள் மெரினாவைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

இவ்வளவு அகலமான மணல் அங்கே ஆதியிலிருந்து கிடந்ததில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அப்போது கடலை ஒட்டி நின்றது. இன்று அதன் வாசலில் நின்றால் அலைக்கு ரொம்ப தூரம் நடக்க வேண்டும். நடுவில் வந்தது துறைமுகம். 1870-களில் வடக்கே கடலுக்குள் கல்சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் அடித்த புயல் அதை உடைத்தது. விடாமல் மறுபடியும் கட்டினார்கள்.

வாய்க்காலில் குறுக்கே மண்வெட்டியால் ஒரு அணை போடுங்கள். மேல்புறம் வண்டல் தேங்கும், கீழ்ப்புறம் கரை அரித்துக்கொண்டு போகும். இது நம் எல்லோருக்கும் தெரியும். சென்னைக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவாக விரிந்தது. வடக்கே, ராயபுரம் பக்கம், மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. அங்கே இன்றைக்கும் பாறாங்கல் கொட்டித்தான் கரையைக் காக்கிறார்கள். நாம் காலாற நடக்கப் போகும் அந்த மணல், வடசென்னை மீனவருக்குப் போய்ச் சேராமல் நின்றுபோன மணல். இதை நினைக்காமல் என்னால் அங்கே நடக்க முடிவதில்லை.

கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் நடைபாதை போட்டு, இத்தாலி நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார். அப்புறம் 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வள்ளுவர், ஔவையார், கண்ணகி என்று சிலைகள் வந்தன. நான்கு முதலமைச்சர்களின் நினைவிடங்கள் உங்களுக்கே தெரியும். உழைப்பாளர் சிலையின் முன்னால் மட்டும் குழந்தைகளைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். தோளும் முதுகும் எப்படி முறுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். நம் ஊரில் கல்லுடைக்கும் ஆட்களின் முதுகு அப்படியேதான் இருக்கும்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் ராப்பகலாக உட்கார்ந்ததும் இந்த மணலில்தான். காங்கேயம் காளையின் படத்தை அந்தக் கூட்டத்தில் தூக்கிப் பிடித்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, கடலே இல்லாத நம் சீமை கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததாக எனக்குத் தோன்றியது. ஆனால் கூட்டம் என்பது கவனமாகக் கையாள வேண்டிய விஷயம். 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படை சாகசம் பார்க்க லட்சக்கணக்கில் கூடியபோது, வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து உயிர்கள் போயின. அதனால் நாம் ஞாயிறு சாயங்காலம் போகவில்லை.

வெள்ளி இரவு ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறோம். விடிவதற்குள் சென்ட்ரல். நேராகக் கடற்கரை. கிழக்கே கடலிலிருந்து சூரியன் எழுவதை நம் குழந்தைகள் பார்த்ததில்லை, அதை முதலில் பார்க்கட்டும். பிறகு கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, மீனவர்கள் வாழும் நொச்சிக்குப்பம் பக்கம் போவோம். படகு கரையேறும், வலையிலிருந்து மீன் பிரிப்பார்கள். அது அவர்கள் வீட்டு வாசல். நம் களத்துமேட்டில் யாரோ வந்து நெல்லை மிதித்துக்கொண்டு போட்டோ எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? வலையை மிதிக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மீன் வாங்க முடியாவிட்டாலும் நின்று பேசுங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எனக்குப் பாடப் புத்தகத்தில் கிடைக்கவில்லை.

நான்கு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது. அலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதும் கூடாது. தண்ணீர் ஓரத்தில் நின்று இதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று சொன்னேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே, மடியில் சின்னப் பெண்ணோடு, அவர்தான் அந்தப் பையன். நான் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டார்.

இன்னும் பெயர் கொடுக்காதவர்கள் நாளை சாயங்காலத்துக்குள் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.