குரல் பிறந்த வீட்டுச் சீதனம், ஸ்லைடு சொந்தச் சம்பாத்தியம்

நடுவர் அவர்களுக்கும், முன்வரிசை ரசிகர்களுக்கும், எதிரே தெம்பாக உட்கார்ந்திருக்கும் குரல் அணி நண்பர்களுக்கும் வணக்கம். தலைப்பு எல்லோருக்கும் தெரியும்: 'அமெரிக்கப் பாடகி, கிட்டார் கலைஞர் பானி ரெய்ட்டை இத்தனை வருஷம் நிலைநிறுத்தியது குரலா, விரலில் குழாய் மாட்டித் தந்தியில் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டாரா?' எனக்கு முன்னால் பேசிய அம்மா, 1991இல் வந்த 'ஐ கான்ட் மேக் யூ லவ் மீ' பாட்டைச் சொல்லியே அரங்கத்தைக் கட்டிப்போட்டுவிட்டார். நல்ல பாட்டுதான், யார் இல்லை என்றது? ஆனால் 1971இல் முதல் ஆல்பம் போட்டவரின் ஐம்பது வருஷத்துக்கும் அந்த ஒரே பாட்டைக் காட்டிப் பட்டா போட்டுக்கொள்ளப் பார்க்கிறார்களே, அதை விடமுடியாது.

குரல் எங்கிருந்து வந்தது? அப்பா ஜான் ரெய்ட் நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களின் கதாநாயகன், 1945இல் 'கரௌசல்' நாடகத்தில் பாடிப் பெயர் வாங்கியவர். அம்மா பியானோ வாசிப்பவர். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாட வந்ததில் என்ன அதிசயம் ஐயா? அது பிறந்த வீட்டுச் சீதனம். ஸ்லைடு அப்படி வரவில்லை. கலிஃபோர்னியாவில் வளர்ந்த வெள்ளைக்காரச் சிறுமி, எட்டு வயதில் கிறிஸ்துமஸ் பரிசாகக் கிடைத்த ஒரு கிட்டார், ஸ்லைடு சொல்லித்தர ஆள் கிடையாது; இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அமெரிக்கத் தெற்கின் கறுப்பினப் பெரியவர்கள் தந்தியில் என்னதான் செய்கிறார்கள் என்று தானாகவே தேடிக் கண்டுபிடித்தார். சாட்சி வேண்டுமா, அவர் கையைப் பாருங்கள். பெரும்பாலோர் அந்த ஸ்லைடுக் குழாயைச் சுண்டு விரலிலோ மோதிர விரலிலோ மாட்டுவார்கள், மிச்ச விரல்களால் கார்டு, அதாவது பல சுரங்களின் கூட்டு, பிடிக்கலாமே என்று. பானி மாட்டுவது நடுவிரலில்! எந்த விரல் என்று இசைத்தட்டு சொல்லுமா? மற்றவர்கள் வாசிப்பதை நேரில் பார்ப்பதற்குள் கை அதற்குப் பழகிவிட்டது, அப்படியே விட்டுவிட்டார்.

ஸ்லைடு என்றால் என்ன என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஒரு நிமிஷம். பாட்டிலின் கழுத்தை வெட்டி எடுத்த மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய். அதை விரலில் போட்டுக்கொண்டு தந்தியை அழுத்தவே கூடாது, ஃபிரெட்டுக்கு, அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கு, நேர் மேலே தொட்டும் தொடாமலும் நிறுத்த வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஃபிரெட்டில் இடித்துக் கடகடக்கும், மயிரிழை விலகினால் சுருதி போச்சு, காதைத் தவிர வேறு துணை கிடையாது. (நம் கோட்டுவாத்தியக்காரர்களைக் கேட்டால் இந்த அவஸ்தையைக் கதை கதையாகச் சொல்வார்கள்.) பானி எடுத்த எடுப்பில் ஒரு சுரத்தில் போய் உட்காரமாட்டார். கீழேயிருந்து ஏறி, கிட்டே வந்ததும் கொஞ்சம் தயங்கி, அப்புறம் தொட்டு, தொட்ட இடத்தில் நடுங்கவிடுவார். இப்போது அவர் பாடுவதைக் கேளுங்கள்: அதே ஏற்றம், அதே தயக்கம், அதே நடுக்கம். அப்பாவின் முழங்கும் மேடைக் குரல் அங்கே இருக்கிறதா? இல்லையே! சீதனமாக வந்த குரலைக்கூட ஸ்லைடுதான் உருக்கி வேறு நகையாகச் செய்து கொடுத்திருக்கிறது. ஆகவே நீங்கள் குரலுக்குக் கைதட்டினாலும் பாதி எங்கள் அணிக்கு வந்து சேர்கிறது, நன்றி.

இது என் கற்பனை என்று எதிரணி சொல்லக்கூடும். பானிக்கு வாய்த்த பெரியவர்களில் ஒருவர், ப்ளூஸ் என்ற அந்தக் கறுப்பின இசையின் ஸ்லைடு கலைஞர் மிசிசிப்பி ஃபிரெட் மெக்டவல். பாதி வரியைப் பாடிவிட்டு வாயை மூடிக்கொள்வார், மீதியை ஸ்லைடு சொல்லி முடிக்கும். அந்த மரபில் கிட்டார் பக்கவாத்தியமே அல்ல, அது இன்னொரு வாய். கல்லூரியை விட்டுவிட்டு வந்த பெண் அவரோடு மேடையேறினார், கற்றார். 1972இல் மெக்டவல் இறந்துபோனார். பின்னாளில் அவருக்கு முறையான கல்லறைக்கல் வைக்கப் பணம் கொடுத்ததும் பானிதான். அப்புறம் பி.பி. கிங். அத்தனை பெரிய கிட்டார் வித்வானுக்கு ஸ்லைடு கைவரவில்லை. உறவினர் புக்கா ஒயிட் ஸ்லைடில் எழுப்பிய ஒலியை வெறும் விரலால் கொண்டுவரப் போய்த்தான் அவருடைய புகழ்பெற்ற விரல் நடுக்கம் பிறந்தது. அவரே பானியின் ஸ்லைடை வாயாரப் புகழ்ந்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1983இல் பதிவு நிறுவனம் பானியைக் கைவிட்டது. நல்ல குரல்தான் காரணம் என்றால் அன்றைக்கும் அந்தக் குரல் இருந்ததே, ஏன் விட்டார்கள்? லாஸ் ஏஞ்சலஸில் நல்ல குரல் தெருவுக்கு நாலு கிடைக்கும். வண்ணப்பூச்சு உரிந்துபோன ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின் கிட்டார், 1969இல் 120 டாலருக்கு வாங்கியது, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வாசித்தார். 1989இல் பத்தாவது ஆல்பம் 'நிக் ஆஃப் டைம்' வந்தது, 1990இல் ஒரே இரவில் நாலு கிராமி இசை விருது. அதில் ஒன்று ப்ளூஸ் பெரியவர் ஜான் லீ ஹூக்கரோடு சேர்ந்து செய்த ப்ளூஸ் பாட்டுக்கு. நடுவர் அவர்கள் அதை ஒருமுறை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். கிழவர் ஒரு வரியை உறுமுகிறார், பானி பாட்டால் பாதியும் ஸ்லைடால் மீதியும் பதில் சொல்கிறார், எது குரல் எது தந்தி என்று பிரிக்க நான் பார்த்தேன், வரவில்லை.

அடுத்து 2023 கிராமியை எடுத்து வீசினார்கள். 73 வயதில், பியான்சே, அடேல், டெய்லர் ஸ்விஃப்ட் எல்லோரும் இருந்த பட்டியலில் 'ஜஸ்ட் லைக் தட்' பாட்டுக்கு ஆண்டின் சிறந்த பாடல் விருது. இறந்துபோன மகனின் இதயத்தைத் தானமாகப் பெற்றவனைத் தாய் சந்திக்கும் பாட்டு, எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த விருது பாட்டை எழுதியவருக்குக் கொடுப்பது ஐயா, பாடியவருக்கு அல்ல; பானிக்குக் கிடைத்ததும் எழுதியதற்காகத்தான்! அதைக் குரல் கணக்கில் எழுதினால் தணிக்கைக்காரர் சும்மா விடுவாரா? வேண்டுமானால் 'பேனா அணி' என்று மூன்றாவதாக ஒன்றைக் கூப்பிடுங்கள், வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஹூக்கர் பாட்டில் ஸ்லைடு வரும் இடங்களில் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டு, பாட்டு முழுசாக இருந்தது என்று இந்த மேடையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.