எந்தக் கிதாபில் இருக்கிறது?

அஸ்ஸலாமு அலைக்கும். நடுவர் ஹஜ்ரத் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் காக்காமார்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்ட் 15 முதல் நடக்கும் தாலிபான் ஆட்சி இஸ்லாம் மார்க்கத்துக்குப் பெருமையா, சிறுமையா என்பது தலைப்பு. சிறுமை என்று பேச வந்திருக்கிறேன். சந்தோஷமாக வரவில்லை. நம் ஈமானின் உறுதிமொழியான கலிமாவைக் கொடியில் எழுதி வைத்திருக்கிற ஓர் ஆட்சியைக் குறை சொல்ல எந்த முஸ்லிமுக்கும் நாக்கு எளிதில் எழாது. ஆனால் அது கொடியில் இருப்பதால்தான் கேள்வியை நாம் கேட்கவேண்டியிருக்கிறது. வேறு கொடி என்றால் அவர்கள் பாடு என்று விட்டிருப்போம்.

எனக்கு முன் பேசிய காக்கா மூன்று விஷயம் சொன்னார். அந்நியன் போனான், அபின் ஒழிந்தது, ஊருக்கு ஊர் பயமில்லாமல் போக முடிகிறது. இந்த மூன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. 2022 ஏப்ரலில் அபினைத் தடை செய்தார்கள். அந்த ஆண்டு 2,33,000 ஹெக்டேரில் இருந்த சாகுபடி அடுத்த ஆண்டே 10,800 ஹெக்டேராக இறங்கியது. ஐக்கிய நாடுகள் சபையே கொடுத்த கணக்கு இது. அமெரிக்கா செய்தது என்ன என்பதும் எனக்குத் தெரியும். 2015-இல் குந்தூஸ் மருத்துவமனையில் குண்டு போட்டு 42 பேரைக் கொன்றார்கள். கிளம்பிப் போகிற கடைசி நேரத்தில், 2021 ஆகஸ்ட் 29 அன்று, காபூலில் ஒரு வீட்டு முற்றத்தில் ஏவுகணை விட்டு 10 பேரைக் கொன்றார்கள். அதில் 7 பேர் பிள்ளைகள். போன பிறகும் அந்த நாட்டு மத்திய வங்கியின் ஏறக்குறைய 700 கோடி டாலரை நியூயார்க்கில் முடக்கி வைத்தார்கள். இதையெல்லாம் நினைத்தால் காக்காவுக்கு வருகிற கோபம் எனக்கும் வருகிறது.

சரி, அந்தக் கோபத்தோடேயே கேட்கிறேன். 2022 மார்ச் 23 அன்று என்ன நடந்தது? ஏழு மாதம் மூடிக் கிடந்த பெண்பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிகள் அன்று திறக்கின்றன என்று அரசாங்கமே அறிவித்திருந்தது. பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு வந்தார்கள். வகுப்பில் உட்கார்ந்தார்கள். சில மணி நேரத்தில் உத்தரவு மாறியது. ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பெண்பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்று அழுத பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. அவர்களை அனுப்பியது அமெரிக்கா இல்லை காக்கா.

அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகமும் போயிற்று. 2024 வரை யுனெஸ்கோ எண்ணியதில், உயர்நிலைப் படிப்பு மறுக்கப்பட்ட பெண்பிள்ளைகள் 14 லட்சம் பேர்.

ஏன் மூடினீர்கள் என்று கேட்டதற்கு, ஷரீஅத்துக்கும் ஆப்கன் கலாச்சாரத்துக்கும் ஏற்ற திட்டம் தயாராகும் வரை, மறு உத்தரவு வரும் வரை என்றார்கள். ஹராம், அதாவது மார்க்கம் விலக்கியது, என்று எழுதவில்லை. இதை நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டும். ஹராம் என்று எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும், எந்தக் கிதாப், எந்தப் பக்கம் என்று உலகத்து ஆலிம்கள் கேட்பார்கள். மறு உத்தரவு என்று எழுதினால் எதையும் காட்ட வேண்டியதில்லை. 1996-இல் முதல் முறை காபூலைப் பிடித்தபோதும் இதே கதைதான். பாதுகாப்பு சரியாகட்டும், பள்ளிக்கூடம் திறக்கிறோம் என்றார்கள். ஐந்து வருடத்தில் திறக்கவில்லை. இப்போது பாதுகாப்பு இருக்கிறது என்று காக்காவே இந்த மேடையில் சாட்சி சொல்லிவிட்டார். அப்புறம் என்ன தடை?

எனக்கு இது செய்தித்தாளில் படித்த விஷயம் மட்டும் இல்லை. என் உம்மா பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். கணக்கில் கெட்டிக்காரி என்று வாத்தியார் வீட்டுக்கு வந்து சொல்லியும் நடக்கவில்லை. மார்க்கம் என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். எந்தக் கிதாபில் இருக்கிறது என்று உம்மா கேட்கவில்லை, கேட்கத் தெரியாத வயது. எனக்கு ஓதிக்கொடுக்க ஆள் வைத்து, கல்லூரிக்கும் அனுப்பியது அந்த உம்மாதான். அவர் கேட்காமல் விட்ட கேள்வியைத்தான் நான் இங்கே கேட்கிறேன்.

எதிரணி இதற்கு ஒரு பதில் வைத்திருக்கும். அது அவர்கள் நாடு, அவர்கள் கலாச்சாரம், ஐரோப்பாக்காரன் தராசில் அவர்களை நிறுக்காதே என்பார்கள். சரி, அந்தத் தராசை ஒதுக்கி வைப்போம். ஹெராத் ஆப்கானிஸ்தானில்தானே இருக்கிறது? அங்கே 15-ஆம் நூற்றாண்டில் மதரஸா கட்டியவர் கவ்ஹர்ஷாத் பேகம் என்ற அரசி. அவருடைய கபுர், அடக்கத்தலம், இன்றும் அங்கேதான் இருக்கிறது. மர்வ் நகரத்துக் கரீமா, மக்காவில் அமர்ந்து நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புகாரியை ஓதிக்கொடுத்தார். கதீப் அல் பக்தாதி போன்ற பெரிய அறிஞர் அவரிடம் போய்ப் பாடம் கேட்டார். அவர்கள் பின்பற்றுவது ஹனஃபி மத்ஹப், அந்தச் சட்டவழி என்கிறீர்களா? சமர்கந்தின் இமாம் அலாவுத்தீனுடைய மகள் ஃபாத்திமா பெரிய ஃபகீஹா, மார்க்கச் சட்ட அறிஞர். அந்த வீட்டிலிருந்து வெளிவந்த ஃபத்வாவில், மார்க்கத் தீர்ப்பில், வாப்பா கையெழுத்து, மகள் கையெழுத்து, பிறகு மருமகன் இமாம் காஸானியின் கையெழுத்து என்று மூன்று இருக்கும். ஃபத்வாவில் ஒரு பெண்ணின் கையெழுத்து! இது எந்த வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த கலாச்சாரம்?

2024 ஆகஸ்டில் நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் சட்டம் என்று 35 பிரிவுகள் கொண்ட ஒரு சட்டம் போட்டார்கள். பெண் கூட்டத்தில் குரலெடுத்துப் பாடுவதும் ஓதுவதும் அவ்ரத், மறைக்கப்பட வேண்டியது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். குர்ஆனில் 58-வது சூராவின் பெயர் அல் முஜாதிலா. வாதாடியவள் என்று பொருள். நீ எனக்கு என் தாயின் முதுகைப் போல என்று சொல்லிக் கணவன் தன்னை ஒதுக்கிவிட்டான் என்று கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. விடாமல் வாதாடினார். அவளுடைய சொல்லை அல்லாஹ் கேட்டுவிட்டான் என்றுதான் அந்தச் சூராவே ஆரம்பிக்கிறது. பிற்காலத்தில் இதே கவ்லா வயதான காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை நடுவழியில் நிறுத்திப் பேசியபோது, கூட இருந்தவர் சலித்துக்கொண்டாராம். ஏழு வானத்துக்கு மேலிருந்து அல்லாஹ் கேட்ட குரலை உமர் கேட்காமல் போவதா என்றார் கலீஃபா. அப்படிப்பட்ட மார்க்கத்தின் பெயரால் அந்தச் சட்டம் வந்திருக்கிறது.

இன்னொன்று. இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆப்கானிஸ்தானில் 2002 வாக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,600 தாய்மார்கள் இறந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். அடுத்த இருபது வருடத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு முக்கியமான ஒரு காரணம், பயிற்சி எடுத்துக்கொண்டு மலையூர்களுக்குப் போன மருத்துவச்சிகள். பெண்ணைப் பெண்தான் பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிற ஆட்சி, இந்தப் படிப்பை இரண்டு மடங்காக்கியிருக்க வேண்டாமா? 2024 டிசம்பரில் அதையும் மூடினார்கள். செவிலியர் படிப்பிலும் மருத்துவச்சிப் படிப்பிலும் இருந்த பெண்களை நாளையிலிருந்து வராதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

நடுவர் ஹஜ்ரத் அவர்களே, நீங்கள் ஹிதாயா ஓதிக்கொடுக்கிறவர். இமாம் மர்கீனானி எழுதிய சட்டக் கிதாப். ஹனஃபி மதரஸாக்களில் எண்ணூறு வருடமாக ஓதுகிற கிதாப். தாலிபான் காஜிகளும் ஓதி வந்தது அதுதான். பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கும் மஸ்அலாவில், அந்தச் சட்டக் கேள்வியில், இமாம் என்ன சொல்கிறார்? அந்த வைத்தியத்தை ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் தகும், பெண்ணைப் பெண் பார்ப்பது இலகுவானது என்கிறார். நான் தவறாகச் சொன்னால் இங்கேயே திருத்துங்கள். கற்றுக்கொடு என்று கிதாபில் இருக்கிறது. கற்றுக்கொடுக்காதே என்று தாலிபான் தலைவர் இருக்கும் காந்தஹாரிலிருந்து உத்தரவு வருகிறது. மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா, ஊர் மீதுள்ள பொதுக் கடமை. ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் ஊரே குற்றவாளி. கற்க வந்தவரைத் தடுத்தவர் யார்?

நான் ஒருத்தி சொல்கிற புதுக் கருத்து இல்லை இது. பல்கலைக்கழகங்களை மூடிய அதே மாதத்தில், இது ஷரீஅத்துக்கு முரண் என்று கெய்ரோவின் அல் அஸ்ஹர் கல்விக்கூடத்தின் பெரிய இமாம் அஹ்மத் அத்தய்யிப் அறிவித்தார். 2025 ஜனவரியில் முஸ்லிம் நாடுகளின் பெண் கல்விக்கென்றே இஸ்லாமாபாத்தில் மாநாடு கூடியது. காபூலுக்கும் அழைப்பு போனது. வரவில்லை. அதே மாதத்தில் அந்த அரசாங்கத்தின் துணை வெளியுறவு அமைச்சர் அப்பாஸ் ஸ்தானிக்சாய், கோஸ்த்தில் ஒரு மதரஸா விழாவில் எழுந்து நின்று, நாலு கோடி ஜனங்களில் இரண்டு கோடிப் பேருக்கு நாம் அநீதி செய்கிறோம், இதற்கு ஒரு சாக்கும் கிடையாது என்று வெளிப்படையாகப் பேசினார். அவரைவிடத் தாலிபானை அறிந்தவர் எதிரணியில் யார் இருக்கிறார்கள்? சில வாரங்களில் அவர் நாட்டில் இல்லை என்று செய்தி வந்தது.

மணி அடிக்கிறது. எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். அபினைப் பற்றிப் பேசட்டும், அமெரிக்காவைப் பற்றிப் பேசட்டும், நானும் சேர்ந்து தலையாட்டுகிறேன். ஆனால் உட்காருவதற்கு முன் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு உட்காரட்டும். அந்த டிசம்பரில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மலையூருக்குத் திரும்பிய ஒரு பெண் இருப்பாள். இன்று ராத்திரி அவள் பக்கத்து வீட்டில் ஒருத்திக்கு வலி எடுத்தால், அந்த வீட்டு ஆண்கள் யாரைக் கூப்பிடுவார்கள்?