ஹெராயினும் பீபாப்பும்: இசைத்தட்டில் கேட்பது எது?

சபைக்கு வணக்கம்.

1940களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் இளம் ஜாஸ் கலைஞர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் மாதிரி வாசிக்க வேண்டுமானால், அவர் ஊசியில் ஏற்றிக்கொள்வதை நாமும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அது. பார்க்கர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊசி போட்டால் நன்றாக வாசிக்கிறேன் என்பவன் பொய்யன் என்று 1949இல் டவுன்பீட் பத்திரிகையிடம் வெளிப்படையாகவே சொன்னார். சொன்னவர் அப்போதும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். இளைஞர்கள் அவர் பேச்சை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார்கள். மைல்ஸ் டேவிஸ், சானி ராலின்ஸ், ஜாக்கி மக்லீன், ஃபாட்ஸ் நவாரோ என்று பட்டியல் நீளும். நவாரோ 1950இல் இறந்தபோது வயது 26.

ஆனால் பீபாப் என்ற அந்த வேகமான புது ஜாஸ் பாணியைப் பார்க்கரோடு சேர்ந்து உருவாக்கிய டிரம்பெட் கலைஞர் டிசி கில்லெஸ்பி ஹெராயின் பக்கமே போகவில்லை. வேகத்திலோ கற்பனையிலோ அவர் ஒரு மாற்றுக் குறைந்தவரா? இல்லை. போதைதான் அந்த இசையைத் தந்தது என்ற வாதம் இங்கேயே பாதி சரிந்துவிடுகிறது.

இந்தப் பொருள் உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ரத்தத்தில் ஏறிய ஹெராயின் நொடிகளில் மூளைக்குப் போய் மார்ஃபினாக மாறுகிறது. வலி, பயம், பதற்றம் எல்லாம் அடங்குகின்றன; கூடவே மூச்சும் மந்தமாகிறது. தாக்கம் சுமார் நாலைந்து மணி நேரம். பழகிவிட்டவருக்குக் கடைசி ஊசி போட்டு அரை நாள் ஆவதற்குள் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், உடம்பு முறுக்கி வலிக்கும், வயிறு போகும். இரண்டு மூன்று நாளில் அது உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தணியும். நியூயார்க் கிளப்புகளில் கச்சேரி இரவு தொடங்கி விடியற்காலை வரை போகும். ஒரு ஊசி அந்த இரவுக்குப் போதாது. ஆகவே இடைவேளையில் வாசிப்பவரின் மனம் அடுத்த பாட்டில் இருக்காது, அடுத்த ஊசி எங்கே என்பதில் இருக்கும்.

இதை இசைத்தட்டிலேயே கேட்கலாம். 1946 ஜூலை 29, லாஸ் ஏஞ்சலஸ், டயல் என்ற சிறு நிறுவனத்தின் ஒலிப்பதிவு. பார்க்கருக்குச் சரக்கு கொடுத்துவந்த எம்ரி பேர்ட் அதற்கு முன்பே கைதாகியிருந்தார். ஊரில் ஹெராயின் கிடைப்பது அரிதாயிற்று. அந்த இடத்தை விஸ்கியால் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார் பார்க்கர். ‘லவர் மேன்’ பாட்டில் பியானோ முகப்பு முடிகிறது. ஆல்ட்டோ சாக்ஸபோன் எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கவில்லை. தாமதமாக நுழைந்து, பாதியில் விட்டு, மறுபடி பிடிக்கிறது. அந்த ஆல்ட்டோ நம் கத்ரி கோபால்நாத் கையில் கேட்ட அதே வாத்தியம்தான். மூச்சின் சிறு தடுமாற்றத்தைக்கூட மறைக்காது. அன்றிரவே விடுதி அறையில் தீ, கைது, பிறகு ஆறு மாதம் கமரில்லோ அரசு மனநல மருத்துவமனை.

அந்தத் தட்டை ‘போதையின் அழகு’ என்று உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ரசனைக் கோளாறாகவே படுகிறது. அதில் கேட்பது ஹெராயின் இல்லை. ஹெராயின் இல்லாமையும் மதுவும்தான். அதை வெளியிட்டதற்காகப் பார்க்கர் கடைசிவரை கோபப்பட்டார்.

அந்த பேர்டின் பெயரை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். அவருடைய பட்டப்பெயர் ‘மூஸ் த மூச்’. அதே ஆண்டு மார்ச்சில் பார்க்கர் பதிவுசெய்த ஒரு உருப்படிக்கும் அதுதான் பெயர். டயல் நிறுவனத்திடமிருந்து தனக்கு வரவேண்டிய ராயல்டியில் பாதியைப் பார்க்கர் அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். போதையின் தடம் மிகத் தெளிவாகப் பதிந்திருப்பது சுரங்களில் அல்ல, இப்படிப்பட்ட பத்திரங்களில்தான். இன்றிரவுக்கு ரொக்கம் வேண்டும் என்பவரிடமிருந்து பாட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குவது எளிது.

அடுத்தது போலீஸ். மது விற்கும் இடத்தில் வாசிக்க அன்றைய நியூயார்க்கில் காபரே கார்டு என்ற போலீஸ் அனுமதி அட்டை வேண்டும். கைரேகை வைத்து வாங்க வேண்டும். போதை வழக்கு வந்தால் கார்டு போய்விடும். பாடகி பில்லி ஹாலிடே 1947இல் தண்டனை பெற்றபின் நியூயார்க் கிளப்புகளில் பாட முடியாமல் போனது. 1951இல் பியானோ கலைஞர்கள் தெலோனியஸ் மங்க்கும் பட் பவலும் இருந்த காரில் ஹெராயின் சிக்கியது. மங்க் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சிறைக்குப் போனார், கார்டையும் இழந்தார். 1957 வரை சொந்த ஊரின் கிளப்புகளில் அவருக்கு வேலை இல்லை. இந்தக் கார்டு முறை 1967 வரை நீடித்தது. ஹெராயின் கெடுத்ததையும் சட்டம் கெடுத்ததையும் சேர்த்துக் குழப்பி, எல்லாப் பழியையும் ஊசிமேல் போடுவது நியாயமில்லை.

விட்டவர்களும் உண்டு. ராலின்ஸ் 1955இல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் இருந்த மத்திய அரசின் போதை மருத்துவமனையில் தானே போய்ச் சேர்ந்தார். வெளியே வந்து சிகாகோவில் கூலி வேலை பார்த்தார். பிறகு டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன் இருந்த குழுவில் சேர்ந்தார். ஹெராயினைத் தொடாமலே உச்சியில் வாசிக்கலாம் என்பதற்கு, தினமும் பக்கத்தில் நின்ற சாட்சி பிரவுன். 1956 ஜூனில் ராலின்ஸ் ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ பதிவுசெய்தார். நான்கு நாள் கழித்து, கார் விபத்தில் பிரவுன் இறந்தார், வயது 25.

சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனை மைல்ஸ் டேவிஸ் 1957இல் குழுவிலிருந்து நீக்கினார். கோல்ட்ரேன் பிலடெல்ஃபியா வீட்டுக்குப் போய், அந்த ஆண்டே ஹெராயினை விட்டார். அதே கோடையில், கார்டு திரும்பக் கிடைத்த மங்க்குடன் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் மாதக்கணக்கில் வாசித்தார்.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘மங்க்ஸ் மூட்’ என்ற ஒரே உருப்படியை இவர்கள் இருவரும் 1957 ஏப்ரலில் ஸ்டுடியோவில் வாசித்தது இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் வாசித்ததும் இருக்கிறது. பின்னது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடந்து 2005இல்தான் வெளியே வந்தது. இரண்டுக்கும் நடுவே ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் மங்க் அருகில் நின்று கற்ற காலமும்கூட. அதனால் முன்னேற்றம் முழுவதையும் போதை விட்ட கணக்கில் எழுத நான் தயாரில்லை. இரண்டையும் இப்போது போடுகிறேன். ஏப்ரல் பதிவை முதலில் கேளுங்கள்.