ராத்திரி 11 மணிக்கு எந்தக் கதவைத் தட்டறது? கடலூரும் மனநல நெருக்கடி மையமும்

(காட்சி: இருட்டான கிராமத்துத் தெரு. ஒரே ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது.)

வணக்கம். 2012 ஜனவரி. பண்ருட்டிப் பக்கம் எங்க பெரியப்பா வீடு. தானே புயல் அடிச்சு மூணு வாரம் ஆகியிருந்துச்சு. 2011 டிசம்பர் 30 காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்த புயல் அது. பெரியப்பாவோட முந்திரித் தோப்பு வேரோட சாஞ்சு கிடந்துச்சு. தாத்தா காலத்துப் பலாமரம் நாலும் போச்சு. கணக்கெடுக்க ஆள் வந்தாங்க, நிவாரணமும் வந்துச்சு. ஆனா பெரியப்பா தூங்கறதையே விட்டுட்டார். தட்டுல போட்ட சோறு அப்படியே காயும். ஒரு நாள் ராத்திரி, "நான் இருந்து என்ன ஆவப் போவுது"ன்னு திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பிச்சுட்டார். பெரியம்மா பயந்து போய் எங்களைக் கூப்பிட்டாங்க.

கார் பிடிச்சு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பிரஷர் பார்த்தாங்க, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தாங்க. "மனநல டாக்டர் காலையில ஓபி-யிலதான் இருப்பார், அப்ப கூட்டிட்டு வாங்க"ன்னாங்க. அதைச் சொன்ன நர்ஸ் மேல எனக்கு அன்னைக்கும் கோபம் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஒரு வார்டு முழுக்க அந்தம்மா ஒத்த ஆளா பார்த்துக்கிட்டு இருந்தாங்க. திரும்பி வந்து, விடியற வரைக்கும் நாங்க நாலு பேர் மாத்தி மாத்தி பெரியப்பா கட்டில் பக்கத்துல முழிச்சு உக்காந்திருந்தோம்.

பெரியப்பா பிழைச்சுட்டார். இப்ப நல்லா இருக்கார். ஆனா அந்த மாதிரி ஒரு ராத்திரிக்குன்னு ஒரு இடம் வேணும். அதுக்கு யார் பணம் தரணும், இப்ப எவ்வளவு தர்றாங்க, எங்க இடிக்குதுன்னு இந்த வீடியோவுல பார்க்கலாம்.

(காட்சி: வெள்ளைப் பலகை. நான்கு சொற்கள்: போன், ஆள், படுக்கை, பின்தொடர்ச்சி.)

மனநல நெருக்கடி மையம்னா பெரிய ஆஸ்பத்திரி இல்லைங்க. கூப்பிட்டா எடுக்க ஒரு போன். வீட்டுக்கே வந்து நிதானமா பேசத் தெரிஞ்ச ஒரு ஆள். ரெண்டு மூணு நாள் பாதுகாப்பா இருக்க ஒரு படுக்கை. அப்புறம், வீட்டுக்குப் போன பிறகும் வாரம் ஒரு தடவை "எப்படி இருக்கீங்கண்ணே"ன்னு வந்து கேக்கற ஒருத்தர். நாலும் ஒண்ணா இருந்தாதான் மையம்.

இதுல போன் வந்துடுச்சு. 2022 அக்டோபர் 10-ல தொடங்கின டெலி மானஸ், அதாவது அரசோட மனநல உதவி போன் சேவை, நம்பர் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். பெரியப்பா காலத்துல இது கிடையாது. இருந்திருந்தா அன்னைக்கு எங்களுக்கு எவ்வளவோ தைரியமா இருந்திருக்கும். ஆனா போன்ல இருக்கற குரல் கட்டில் பக்கத்துல வந்து உக்கார முடியாது.

(காட்சி: கடலூர், புதுச்சேரி வரைபடம்.)

நம்ம பக்கம் இது எவ்வளவு அவசரம்னு ஒரு கணக்கு சொல்றேன். 2022-ல இந்திய அளவுல லட்சம் பேருக்கு 12.4 தற்கொலைன்னு தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்லுது. தமிழ்நாட்டுல 25.9. புதுச்சேரியில 29.7. ரெண்டு மடங்குக்கும் மேல. 2004 சுனாமியில தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம்னு உயிர்களை இழந்த ஊர்கள் இருக்கற பகுதி இது. அடுத்து தானே, 2015 வெள்ளம், 2024-ல ஃபெஞ்சல் புயல். ஒவ்வொரு தடவையும் கட்டடத்தையும் படகையும் எண்ணறோம். மனசு உடைஞ்சவங்களை எண்ண நமக்கு ஒரு படிவம் கூட இல்ல.

சட்டம் என்ன சொல்லுது? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இதோட 18-வது பிரிவு, அரசு நடத்தற அல்லது அரசுப் பணத்துல நடக்கற மனநலச் சேவை ஒவ்வொருத்தருக்கும் உரிமைன்னு சொல்லுது. குறைஞ்சபட்சம் ஒவ்வொரு மாவட்டத்துலயும் அது இருக்கணும். 94-வது பிரிவுப்படி, உயிருக்கு ஆபத்துன்னா பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை கொடுக்கலாம். மனநல நிபுணர்தான் வரணும்னு இல்ல. இதை மஞ்சக்குப்பத்துல இருந்து காட்டுமன்னார்கோயில் வரைக்கும் எல்லா டாக்டரும் தெரிஞ்சு வெச்சிருக்கணும்னு நான் ஆசைப்படறேன். 100-வது பிரிவு போலீசுக்கானது. மனநலம் பாதிச்சுத் தெருவுல திரியறவங்களை லாக்கப்புல வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போகணும். சங்கிலி போடறதை 95-வது பிரிவு அடியோட தடுக்குது. 2001 ஆகஸ்ட் 6-ல ஏர்வாடி மனநலக் காப்பகத்துல சங்கிலியோட எரிஞ்சு போன 28 பேரை நினைக்காம என்னால அந்த வரியைப் படிக்க முடியல.

(காட்சி: ஒரு டீக்கடை. மேசை மேல் ஒரு டம்ளர் டீ.)

இப்ப பணத்துக்கு வருவோம். 2023-24 மத்திய பட்ஜெட்ல மனநலத்துக்குன்னு தனியா ஒதுக்கினது சுமார் 919 கோடி. சுகாதாரத் துறையோட மொத்தப் பணத்துல ஏறக்குறைய நூத்துல ஒரு பங்கு. அதுலயும் 721 கோடி பெங்களூருல இருக்கற தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுக்குப் போச்சு. நிம்ஹான்ஸுக்குக் கொடுத்தது தப்புன்னு நான் சொல்லல. சுனாமிக்கப்புறம் நம்ம கடற்கரையில மனநல ஆதரவு வேலை பார்க்க ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுத்ததே அவங்கதான். ஆனா குறிஞ்சிப்பாடிக்காரர் ராத்திரி பெங்களூருக்குப் போக முடியாது.

மாவட்டத்துக்கு வர்ற பணம் வேற பானையில இருந்து வருது. மாவட்ட மனநலத் திட்டம், 1996-ல தொடங்கினது. இப்ப தேசிய சுகாதாரக் குழுமம் வழியா, மத்திய அரசு 60, மாநில அரசு 40-ன்னு பங்கு போட்டு வருது. ஒரு மாவட்டத்துக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 83.2 லட்சம் ரூபாய். அது உச்சவரம்பு, கைக்கு வர்ற தொகை இல்ல. 2011 கணக்கெடுப்புல கடலூர் மாவட்ட மக்கள்தொகை 26 லட்சம். வகுத்துப் பாருங்க. முழுசா வந்தா கூட ஆளுக்கு வருஷத்துக்கு 3 ரூபாய் 20 காசு. இந்தக் கடையில ஒரு டீயே அதைவிட அதிகம்.

(காட்சி: 24 மணி நேரக் கடிகாரம். ஒரு நாற்காலி.)

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா நிறையப் பேர் இதைத் தவற விடறாங்க. ஒரு நாற்காலி. அதுல எந்நேரமும் ஒரு நர்ஸ் இருக்கணும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தர் வேலை பார்க்கறது 48 மணி நேரம். அப்ப மூணரை ஆள் வேணும். லீவு, பொங்கல், பிரசவ விடுப்பெல்லாம் சேர்த்தா நாலுல இருந்து அஞ்சு பேர். ஒரே ஒரு நாற்காலிக்கு! கவுன்சலருக்கு இன்னொரு நாற்காலி, வாசல்ல பாதுகாப்புக்கு ஒண்ணு. மாவட்டத் திட்டத்துல அனுமதிச்சிருக்கறது ஒரு மனநல மருத்துவர், ஒரு உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், ரெண்டு நர்ஸ்னு ஒரு சின்னக் குழு. பகல்ல ஓபி பார்க்கவும், ஊர் ஊரா முகாம் போகவுமே அது சரியா போயிடும். பெரும்பாலும் தொகுப்பூதியத்துல, ஒப்பந்தத்துல இருக்கறவங்க. நல்ல கவுன்சலர் ஒருத்தர் பழகி வர்றதுக்குள்ள வேற வேலைக்குப் போயிடறார்னா, அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

அதனாலதான், "எம்.பி. நிதியில ஒரு மையம் கட்டிக் கொடுங்க"ன்னு கேக்கறது மட்டும் போதாது. எம்.பி.க்கு வருஷம் 5 கோடி உண்டு, ஆனா அதுல சம்பளம் கொடுக்க முடியாது. சுவர் கிடைக்கும், கல்வெட்டு கிடைக்கும், உள்ள ஆள் இருக்காது. கம்பெனிகளோட சமூகப் பொறுப்பு நிதியும் பெரும்பாலும் அப்படித்தான், திட்டம் முடிஞ்சதும் போயிடும்.

நம்ம மாவட்டத்துக்கு இன்னொரு வழி இருக்கு. நெய்வேலியில நிலக்கரி எடுக்கறதால மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இங்க சேருது. சுரங்கத்தால பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கான பணம் அது. அதோட முன்னுரிமைப் பட்டியல்ல சுகாதாரம் இருக்கு. கட்டடம், படுக்கை, ஒரு வண்டி, இதெல்லாம் அதுல கேக்கலாம். சம்பளம் மட்டும் மாநில பட்ஜெட்ல, தனித் தலைப்புல, வருஷா வருஷம் வரணும். என்னோட கருத்து இதுதான்.

முடியாத காரியம்னு சொல்லாதீங்க. தெருவுல திரியற மனநோயாளிகளுக்காக அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம்னு புதுக்கோட்டை மாதிரி மாவட்டங்கள்ல அரசே தொண்டு நிறுவனங்களோட சேர்ந்து நடத்தியிருக்கு. வீட்டுக்குள்ளேயே நொறுங்கிப் போறவங்களுக்கும் அதே கதவு திறக்கணும்.

(காட்சி: ஒரு வெள்ளைத்தாளில் பேனா எழுதுகிறது.)

நீங்க செய்யக்கூடிய ஒண்ணு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, 10 ரூபாய் கட்டணத்துல ஒரு மனு. மூணு கேள்வி போதும். கடலூர் மாவட்ட மனநலத் திட்டத்துக்குப் போன மூணு வருஷத்துல எவ்வளவு ஒதுக்கினாங்க, எவ்வளவு செலவாச்சு? அனுமதிச்ச பணியிடம் எத்தனை, அதுல காலி எத்தனை? ராத்திரி 8 மணியில இருந்து காலை 8 மணி வரைக்கும் மனநல அவசரத்துக்குப் பொறுப்பான ஆள் யார், எந்த மருத்துவமனையில? 30 நாள்ல பதில் தரணும். வந்த பதிலை எடுத்துக்கிட்டுத் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு ஆட்சியர் அலுவலகம் போங்க, அடுத்த கிராம சபையிலயும் படிங்க. நானும் என் மனுவை இந்த வாரம் அனுப்பறேன், பதில் வந்ததும் இங்கேயே காட்டறேன்.

(காட்சி: திரை முழுக்க 14416.)

இதைப் பார்க்கறவங்கள்ல யாராவது இப்ப அந்த மாதிரி ஒரு ராத்திரியில இருந்தா, வீடியோவை நிறுத்திட்டு இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. பக்கத்து ரூம்ல தூங்கறவங்களையும் எழுப்புங்க. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.